கோழிகளின் வயது குறிப்பிடப்படவில்லை

சுவரில் அடித்த சுண்ணாம்பும் பெயிண்டும் ஏன் ஜன்னல் மூலையில் முதலில் வெடிக்கின்றன என்று கண்டுபிடிப்பதற்காக ஒரு பெண் தன் நல்ல வயதையெல்லாம் செலவழித்தால், அவளுக்குப் பட்டப்பெயர் வைக்காமல் யாரால் இருக்க முடியும்? ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் 'விரிசல்' என்றுதான் சொன்னார்கள். "விரிசல் வந்தாச்சா?" என்று வாசல் காவலர் கேட்பார். "மாடியில இருக்கு" என்று யாராவது பதில் சொல்வார்கள். புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு மாடிப்படியில் சுவரை ஒட்டாமல் நடுவாக நடப்பார்கள்.

ஜன்னல் மூலைதான் முதலில் வெடிக்கும் என்பது சொந்த வீட்டில் குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதற்காக ஓர் அறை முழுக்க இடுப்புயரச் சுவர்களை வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி ஜன்னல் வைத்து, வெள்ளையடித்து, விளக்கைப் போட்டுக் காயவைத்து, தண்ணீர் தெளித்து நனைத்து, மறுபடி காயவைத்து, கையில் பூதக்கண்ணாடியோடு காத்திருந்தாள். அந்த அறைக்குச் சுவர் அறை என்று பெயர். உள்ளே போனால் குள்ளர்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

கண்டதை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினாள். விரிசல்களுக்கென்றே நடக்கிற ஆய்விதழ் அது. பாலத்தில் விழுந்த விரிசல், பல்லில் விழுந்த விரிசல், பனிக்கட்டியில் விழுந்த விரிசல், எதுவானாலும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். குடும்பத்தில் விழுகிற விரிசலை மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அங்கே ஒரு கட்டுரை போய்ச் சேர்ந்தால் இதழாசிரியர் அதைத் தானே படித்து முடிவு செய்துவிட மாட்டார். விஷயம் தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்புவார். அவர்களுக்கு மதிப்பீட்டாளர்கள் என்று பெயர். எழுதியவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது. சம்பளம் கிடையாது, பெயர் கிடையாது, ஒரு வாய் டீகூடக் கிடையாது. அதனால் கோபத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. அவர்கள் குறைகளை எழுதி அனுப்புவார்கள். எழுதியவர் ஒவ்வொரு குறைக்கும் நன்றி சொல்லி, திருத்தி, மறுபடி அனுப்ப வேண்டும்.

இதில் அவளுக்கு ஒரு தலைபோகிற காரியம் இருந்தது. அவள் வேலை தற்காலிக வேலை. ஆண்டு முடிவதற்குள் கட்டுரை ஏற்கப்பட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். நிர்வாக அலுவலர் நல்ல மனிதர், எதையும் முன்கூட்டியே செய்கிறவர். அவள் மேஜையைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"இது எதுக்கு சார்?" என்று கேட்டாள்.

"ஜெராக்ஸ் மெஷின் வருதும்மா. உங்களை அவசரப்படுத்தலை. மெஷின் சரியா உக்காருமான்னு பாத்தேன். ஜம்முனு உக்காருது."

அந்தக் கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டுதான் அவள் ஆய்விதழிலிருந்து வந்த கடிதத்தைத் திறந்தாள்.

முதல் மதிப்பீட்டாளருக்குக் கட்டுரை பிடித்திருந்தது. இன்னும் சில பழைய கட்டுரைகளைப் படித்து மேற்கோள் காட்டினால் சிறப்பாக இருக்கும் என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். பட்டியலில் இருந்த அத்தனை கட்டுரையையும் ஒரே ஆள் எழுதியிருந்தார். அந்த ஆள் யார் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

இரண்டாம் மதிப்பீட்டாளர் இப்படித் தொடங்கியிருந்தார்: 'கோழிகளின் வயது குறிப்பிடப்படவில்லை.'

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலே படித்தாள். 'தீவனம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுற்றுப்புறச் சத்தத்தால் கோழிகள் மிரண்டனவா என்று ஆராயவில்லை. அகன்ற முனையில் விழும் விரிசலையும் குறுகிய முனையில் விழும் விரிசலையும் தனித்தனியே தர வேண்டும். இவற்றைச் சரிசெய்யாமல் இந்தக் கட்டுரையைப் பரிசீலிக்க இயலாது.'

கடிதத்தை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போனாள். துறைத் தலைவருக்கும் பட்டப்பெயர் உண்டு. 'நன்றி.' மதிப்பீட்டாளர்களுக்கு எழுதி எழுதி அந்தச் சொல் அவர் வாயிலேயே தங்கிவிட்டது. மாடிப்படியில் யாராவது அவர் காலை மிதித்தால்கூட நன்றி என்றுதான் சொல்வார்.

"சார், நம்ம பேப்பர்ல கோழியே இல்லையே."

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இல்லைதான். அதைத்தானே அவர் குறையாச் சொல்றார்."

"சார், இது சுவரைப் பத்தின பேப்பர்."

"எனக்குத் தெரியாதாம்மா? அவருக்கும் தெரியும். தெரிஞ்சே கேக்கறார்னா எவ்வளவு ஆழமா யோசிச்சிருக்கணும்!"

"அகன்ற முனைங்கறார். சுவருக்கு ஏது சார் அகன்ற முனை?"

"தேடிப் பாத்தியா?"

"இல்ல சார்."

"தேடிப் பாக்காமலே இல்லங்கறே."

பிறகு அவர் தன் பழைய கதையைச் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கேட்டதுதான். சின்ன வயதில் ஒரு பச்சை நிறப் பூச்சைப் பற்றி அவர் எழுதியிருந்தார். மதிப்பீட்டாளர் அதை நீலம் என்று குறிப்பிட்டிருந்தார். இவர் இளரத்தம், 'அது பச்சை' என்று பதில் எழுதிவிட்டார். அந்தக் கட்டுரை இன்றுவரை வெளிவரவில்லை.

"நீலம்னு ஒத்துக்கிட்டு, போய் ஒரு கோட் நீலம் அடிச்சிருந்தா இந்நேரம் நான் டைரக்டர்" என்றார். "போம்மா. போய் கோழி வாங்கிட்டு வா."

வீட்டில் அன்று சாப்பாட்டு மேஜையில் அவள் வாயைத் திறக்கவில்லை. மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது சும்மா இருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"என்னம்மா, உன் பேப்பர் வண்டி ஏறிடுச்சா?"

"இல்ல மாமா. கோழிக்கு என்ன வயசுன்னு கேக்கறாங்க."

மாமனாருக்கு ஆச்சரியமே இல்லை. "கேப்பாங்க. கேக்கற வேலைக்கு வந்துட்டா எதையாவது கேக்கணும். நானே ஒருத்தரை, 'நீ ஏன்யா ஜன்னலோரம் உக்காந்திருக்கே?'ன்னு கேட்டிருக்கேன்."

"அவர்கிட்ட டிக்கெட் இல்லியா மாமா?"

"இருந்துதே. அதனாலதான் வேற கேள்வி கேக்கவேண்டியதாப் போச்சு."

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலை விட்டு வந்தும் கையில் கிரீஸ் போகாத மனிதர். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "மூணை அமுக்கினா அஞ்சாவது மாடிக்குப் போகுதுன்னா உள்ளே ரெண்டு வயர் மாறியிருக்குன்னு அர்த்தம். வயரை மாத்தணும். அதுக்காக அஞ்சாவது மாடியில குடியேறுவாங்களா?"

"குடியேறினவங்க இருக்காங்கடா" என்றார் மாமனார்.

ஊருக்கு வெளியே ஒரு கோழி ஆராய்ச்சி நிலையம் இருந்தது. மறுநாள் அவள் பஸ் பிடித்து அங்கே போனாள். சில கோழிகளைக் கொஞ்ச நாள் கடனாகக் கேட்கலாம் என்று எண்ணம். அங்கே கோழி டாக்டர் ஒருவர்தான் எல்லாம் என்றார்கள். அவர் அறைக் கதவைத் தள்ளினாள்.

ஒல்லியான ஒரு மனிதர் முக்காலியில் உட்கார்ந்து, கையில் மெல்லிய பிரஷ்ஷோடு, ஒரு முட்டைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். எதிரே மேஜை முழுக்க முட்டைகள். எல்லாம் சின்னச் சின்ன வளையத்தில் நின்றுகொண்டிருந்தன. மேஜை விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி அவற்றை உலர்த்திக்கொண்டிருந்தது.

"கதவை மெதுவா சாத்துங்க மேடம்" என்றார் திரும்பாமலே. "முதல் கோட் காயலை. தூசி ஒட்டிக்கும்."

"முட்டைக்கு எதுக்கு டாக்டர் பெயிண்ட்?"

"என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது? முட்டை ஓடு எப்படி வெடிக்குதுன்னு ஒரு பேப்பர் எழுதினேன். 'எத்தனை கோட் அடிக்கப்பட்டது என்று குறிப்பிடவில்லை'ன்னு எழுதி அனுப்பிட்டான் ரிவியூவர். அடிக்கவே இல்லைங்கிறதை எப்படிக் குறிப்பிடறது? அதான், அடிச்சுட்டுக் குறிப்பிடலாம்னு..."

அவளுக்குத் தொழில் புத்தி முந்திக்கொண்டது. "அடிக்கிறதுக்கு முன்னாடி உப்புத்தாள் போட்டுத் தேச்சீங்களா?"

கோழி டாக்டரின் பிரஷ் அந்தரத்தில் நின்றது. "அதையேதான் அவனும் கேட்டிருக்கான்! தேச்சேன் மேடம். பாதிக்கு மேல பொத்தல் விழுந்துடுச்சு. மீதியைக் கோழிகிட்ட காட்டினேன். பச்சையா இருக்கிறதைப் பாத்துட்டு, இது என்னது இல்லைன்னு எட்டி உதைச்சுடுச்சு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்க கோழிங்களுக்கு என்ன வயசு டாக்டர்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதை பேப்பர்ல எழுத மறந்துட்டேன். நல்லவேளை, அந்த ஆள் கவனிக்கலை."

"கவனிச்சிருக்கார்" என்றாள் அவள்.

இரண்டு கடிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதே ஆய்விதழ். அதே தேதி. இரண்டாம் மதிப்பீட்டாளர் ஒரே ஆள். விரிசல் பற்றி எது வந்தாலும் அவரிடம்தான் போகும் போலிருக்கிறது. சுவரும் அவரிடம் போயிருக்கிறது, முட்டையும் அவரிடம் போயிருக்கிறது. இரண்டையும் படித்து, இரண்டுக்கும் குறை எழுதி, சுவரின் குறையை முட்டைக்கும் முட்டையின் குறையைச் சுவருக்கும் ஏற்றிவிட்டார். இதழாசிரியர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டார்.

கோழி டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் மேஜையில் இருந்த பச்சை முட்டைகளைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

அவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, இதழாசிரியருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதினாள். பதில் உடனே வந்தது. அத்தனை வேகத்தில் மனிதர்கள் பதில் எழுதுவதில்லை என்பதால், அது தானாக வரும் பதில் என்று தெரிந்தது. 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. மதிப்பீட்டாளரின் கருத்துகள் பற்றிய சந்தேகங்களைத் திருத்திய கட்டுரையோடு இணைத்து அனுப்பவும்.'

துறைத் தலைவரிடம் போனாள்.

"சார், கடுதாசி ரெண்டும் மாறிப் போச்சு. இது கோழி டாக்டருக்கு வர வேண்டியது. அவர்கிட்ட இருக்கிறது நமக்கு வர வேண்டியது."

"அப்படியா?" அவர் கொஞ்சம்கூட அசையவில்லை. "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் அவருக்கும்."

"ரிவியூவருக்கு?"

"தெரியாது சார்."

"அப்ப, அவருக்கே தெரியாம அவர் பண்ணின தப்பை நீ அவர்கிட்ட சொல்லப் போறே. சொன்னதும் அவர் சந்தோஷப்பட்டு உன் பேப்பரை உடனே ஏத்துக்குவார். அப்படித்தானே?"

அவள் கடிதத்தை இரண்டாக மடித்தாள்.

"சார், நமக்கு வர வேண்டிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதிடலாமே. எத்தனை கோட், உப்புத்தாள் தேச்சோமா... எல்லாத்துக்கும் எங்கிட்ட பதில் இருக்கு."

"எடிட்டர் கையில என்ன கேள்வி இருக்கு? கோழி வயசு. உன் பதில்ல என்ன இருக்கும்? உப்புத்தாள். 'கேட்டதுக்குப் பதில் இல்லை'ன்னு திருப்பி அனுப்புவார். மறுபடி முதல்லேருந்து. அதுக்குள்ள ஆண்டு முடிஞ்சிடும். ஜெராக்ஸ் மெஷின் வந்துடும்." அவர் குரல் இளகியது. "ஏம்மா, நியாயத்தை அப்புறம் பாத்துக்கலாம். அது எங்கேயும் போகாது. வேலைதான் போயிடும்."

அவள் தன் இடத்துக்கு வந்தாள். சாக்பீஸ் கட்டம் யாரோ மிதித்து ஒரு பக்கம் அழிந்திருந்தது. நிர்வாக அலுவலர் அதைப் புதுப்பித்துவிட்டுப் போயிருந்தார்.

கோழி டாக்டரிடம் கடன் கேட்ட கோழிகள் ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தன. வாசல் காவலர் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இவங்க விசிட்டரா, சாமானா?"

"ஆராய்ச்சிக்கு வந்திருக்காங்க" என்றாள்.

"அப்ப ஸ்டாஃப்" என்று உள்ளே விட்டுவிட்டார்.

சுவர் அறைக்குள் கோழிகளைத் திறந்துவிட்டாள். குள்ளர்கள் ஊருக்கு ஆள் வந்துவிட்டது. குட்டி ஜன்னல்கள் வழியாகத் தலையை நீட்டி ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன. அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து மதிப்பீட்டாளர் சொன்னபடியே ஒவ்வொன்றாகச் செய்தாள். வயதைக் கேட்டு எழுதினாள். தீவனத்தை எடை போட்டாள். மிரள்கிறதா என்று பார்க்க வாசல் காவலரைக் கூப்பிட்டு ஜன்னலுக்கு வெளியே தகரத்தைத் தட்டச் சொன்னாள். கோழிகள் மிரளவில்லை. பக்கத்து அறையில் துறைத் தலைவர் மிரண்டு, "நன்றி, நன்றி" என்று எழுந்து வந்தார்.

அப்புறம் நடந்ததைத்தான் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அவள் அளந்து வைத்திருக்கிறாள்.

கோழிகள் சுவரைக் கொத்த ஆரம்பித்தன. எங்கே வேண்டுமானாலும் கொத்தவில்லை. ஜன்னல் மூலையைத்தான் கொத்தின. அங்கேதான் சுண்ணாம்பு முதலில் இளகுகிறது என்று அவள் பூதக்கண்ணாடியோடு பல வருஷம் கிடந்து கண்டுபிடித்ததை, அவை வந்த அன்றே கண்டுபிடித்துவிட்டன. பூதக்கண்ணாடியில்கூடத் தெரியாத விரிசல், கோழிக்குத் தெரிந்தது. கொத்திய இடத்தில் மறுநாள் பார்த்தால் விரிசல் இருக்கும்.

சுண்ணாம்பைத் தின்று தின்று அவை இட்ட முட்டைகள் இருக்கின்றனவே, அவற்றை முட்டை என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. தவறி ஒன்று கீழே விழுந்து தரை ஓட்டில் கீறல் விழுந்தது. முட்டை உருண்டு போய் அலமாரிக்கு அடியில் பத்திரமாக நின்றது. தரை ஓட்டில் விழுந்த கீறலையும் அவள் அளந்து எழுதினாள். பழகிய கை சும்மா இருக்குமா? மாதம் திரும்புவதற்குள் முட்டை ஓடு சுவர் மாதிரியும், சுவர் முட்டை ஓடு மாதிரியும் ஆகிவிட்டன.

அவற்றில் பழுப்பு நிறக் கோழி ஒன்று. அச்செடுத்த தாளைக் கண்டால் அதற்கு ஆகாது. அவள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு திருத்தும்போதெல்லாம் வந்து ஏதாவது ஒரு வரியைக் கொத்திக் கிழித்துவிடும். அதற்கு 'மூணாவது ரிவியூவர்' என்று பெயர் வைத்தார்கள். அது கொத்திய வரியைத் திரும்பப் படித்துப் பார்ப்பாள். பெரும்பாலும் அந்த வரி தேவைப்பட்டிருக்காது.

எழுத எழுத அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்து பயமாக இருந்தது. அந்தக் கோழிப் பகுதி நன்றாக இருந்தது. அவள் அதுவரை எழுதியதிலேயே அதுதான் நன்றாக இருந்தது. ஜன்னல் மூலை வெடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கோழிக்கு அது முன்கூட்டியே தெரியும் என்பதும், வெள்ளையடித்த சுவரைக் கொத்தினால் முட்டை கெட்டியாகும் என்பதும் உலகத்தில் யாருக்கும் தெரியாதது.

'மதிப்பீட்டாளரின் கூர்மையான கருத்துக்கு நன்றி. கோழிகளின் வயது இப்போது குறிப்பிடப்பட்டுள்ளது' என்று பதில் கடிதத்தைத் தொடங்கினாள். முதல்முறையாக அந்த நன்றியை மனதாரவே எழுதினாள். சுவருக்கு அகன்ற முனை என்பது அடிப்பக்கம் என்று துறைத் தலைவர் ஒருநாள் முழுக்க யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். முதல் மதிப்பீட்டாளரின் பட்டியலை அப்படியே சேர்த்தார்கள். அனுப்பினார்கள்.

பிறகு ஒன்றும் வரவில்லை. ஆண்டு தேய்ந்துகொண்டே வந்தது. நிர்வாக அலுவலர் ஒருநாள் வந்து, "ஒண்ணும் அவசரமில்லம்மா" என்று சொல்லிவிட்டு அவள் மேஜைக்குப் பின்னால் மின்சாரப் பிளக் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். வீட்டில் மாமனார் எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டார். அவரே கேட்கவில்லை என்றால் விஷயம் மோசம் என்று அர்த்தம்.

ஆண்டின் கடைசி வாரத்தில் கடிதம் வந்தது.

முதல் மதிப்பீட்டாளர், தான் பரிந்துரைத்த கட்டுரைகள் சேர்க்கப்பட்டதால் ஆய்வு ஆழம் பெற்றுவிட்டது என்று பாராட்டியிருந்தார். இரண்டாம் மதிப்பீட்டாளர் எழுதியிருந்தது இதுதான்:

'பெயிண்ட் விரிசல் பற்றிய ஒரு கட்டுரையில் ஆசிரியர்கள் எதற்காகக் கோழிகளைக் கொண்டுவந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பகுதி முழுவதையும் நீக்கினால் ஏற்கலாம்.'

அவள் அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். துறைத் தலைவர் படித்தார். அவர் கண்ணில் உண்மையிலேயே தண்ணீர் நின்றது.

"பாத்தியா! என்ன ஒரு கூர்மை! நானும் அன்னிலேருந்து நினைச்சேன், இந்தக் கோழி எதுக்குன்னு."

"சார், அவர்தானே கேட்டார்!"

"கேட்டார். இப்ப வேண்டாங்கறார். ரெண்டும் சரிதான்."

"சார், கோழி பாகம்தான் சார் இதுல உருப்படியானது. அதை எடுத்துட்டா மிச்சம் நம்ம பழைய பேப்பர்தான். போன தடவை அனுப்பினது."

"அப்ப வேலை சுலபம்" என்றார். "அது கம்ப்யூட்டர்லயே இருக்குமே."

அவள் கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தாள். பழுப்புக் கோழி மேஜைக்கு அடியில் நின்றுகொண்டு அவளையே பார்த்தது. சுவர் அறையிலிருந்து மற்றவை கொத்துகிற சத்தம் கேட்டது. அவள் கட்டுரையைத் திரையில் திறந்தாள். பிறகு கோழி வந்த முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தேர்ந்தெடுத்து அழித்தாள். அழிப்பதற்கு ஒரு விரல் போதும். 'மதிப்பீட்டாளரின் கூர்மையான கருத்துக்கு நன்றி. கோழிகள் நீக்கப்பட்டுள்ளன' என்று எழுதி அனுப்பினாள்.

ஆண்டு முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. கட்டுரை ஏற்கப்பட்டது. 'முதலில் அனுப்பிய வடிவத்தைவிடக் கட்டுரை பெரிதும் மேம்பட்டுள்ளது' என்று இரண்டாம் மதிப்பீட்டாளர் ஒரு வரி சேர்த்திருந்தார். அவள் இரண்டு வடிவத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். முதல் மதிப்பீட்டாளரின் பட்டியல் ஒன்றுதான் அதிகம்.

நிர்வாக அலுவலர் வாழ்த்துச் சொல்லிவிட்டு, கூடவே கொண்டுவந்த ஈரத் துணியால் சாக்பீஸ் கட்டத்தைத் துடைத்தார். பக்கத்து மேஜையைச் சுற்றிப் புதிதாக ஒன்று போட்டார்.

கோழிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கோழி டாக்டர் முட்டைகளிலிருந்து பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவரையும், 'முட்டைக்கு எதற்குப் பெயிண்ட்?' என்று கேட்டுவிட்டார்கள். நீக்கினார்; ஏற்றுக்கொண்டார்கள். அவள் தன் கோழி அளவுகளை எல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டு அவர் கையில் வைத்தாள்.

"இதை நீங்க எழுதுங்க டாக்டர்."

"ஐயோ, இது உங்க கண்டுபிடிப்பு மேடம்."

"இன்னொரு தடவை கோழி வயசு எழுத என் உடம்புல தெம்பில்ல. என் பேரும் வேண்டாம். ரிவியூவர் வேண்டாம்னு சொன்ன கோழியை நானே மறுபடி எழுதினேன்னு தெரிஞ்சா எங்க சாருக்கு நெஞ்சுவலியே வந்துடும்."

பழுப்புக் கோழியை மட்டும் அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தாளைக் கிழிக்கிற கோழியை ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துக்கொள்வது ஆபத்து என்றார். அது அவள் வீட்டுக்கு வந்தது. பின்புறச் சுவரை ஜன்னல் மூலையிலிருந்து கொத்தத் தொடங்கியது. அவள் வீட்டுக்காரர் அதன் முட்டையை வாணலி விளிம்பில் தட்டினார். வாணலி நெளிந்தது. டூல் பாக்ஸிலிருந்து சுத்தியலை எடுத்து வந்தார்.

"இவ்வளவு நல்ல விஷயம் உன் பேப்பர்ல வந்திருக்காம்மா?" என்று மாமனார் கேட்டார்.

"இல்ல மாமா. எடுத்துட்டாங்க."

"டிக்கெட் இருந்தவனை இறக்கிவிட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவர் தட்டை நகர்த்திக்கொண்டார்.

புது ஆண்டு கொஞ்சம் நகர்ந்ததும், விரிசல் ஆய்விதழிலிருந்து அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தங்கள் துறை அறிவைக் கருத்தில்கொண்டு இந்தக் கட்டுரையை மதிப்பிட்டுத் தர வேண்டுகிறோம், ரகசியம் காக்கவும். கட்டுரையைத் திறந்தாள். எழுதியவர் பெயர் இல்லை. வெள்ளையடித்த சுவரைக் கொத்தும் கோழிகளைப் பற்றி யாரோ எழுதியிருந்தார்கள். 'எழுதியவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா?' என்று ஒரு கேள்வி. பெயர்தான் இல்லையே! தெரியாது என்று அழுத்தினாள்.

கட்டுரையை மூன்று நாள் வைத்துப் படித்தாள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எழுதியிருந்தார். கோழிகளின் வயது முதல் பத்தியிலேயே இருந்தது. தீவனம் இருந்தது. சத்தம் இருந்தது. ஏற்கலாம் என்று எழுதத்தான் கை போனது. ஆனால் ஒரு குறையும் சொல்லாத மதிப்பீட்டை யார் மதிப்பார்கள்? தேடினாள். கிடைத்தது. உண்மையாகவே குறைதான், கோழி எவ்வளவு சுண்ணாம்பு தின்றது என்பது அதைப் பொறுத்தது. 'சுவருக்கு எத்தனை கோட் அடிக்கப்பட்டது என்று குறிப்பிடவில்லை' என்று எழுதினாள். அனுப்புவதற்கு முன்னால், சரியான கட்டுரைக்குத்தான் போகிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவள் மேஜைத் தொலைபேசி மணி அடித்தது. கோழி டாக்டர். குரலில் மூச்சு வாங்கியது.

"மேடம், மறுபடியும் மாத்திட்டாங்க மேடம்! எத்தனை கோட்னு கேக்கறான்!"

அவள் ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தாள்.

"உங்க பேப்பர்ல சுவர் இருக்கில்ல டாக்டர்?"

"சுவர் இருக்கு. ஆனா இது கோழி பேப்பர் மேடம். ஒரு தடவை பட்டாச்சே, எனக்குத் தெரியாதா? இது கண்டிப்பா யாரோ பெயிண்ட்காரனுக்குப் போக வேண்டியது. எடிட்டருக்கு இன்னிக்கே எழுதறேன். அந்த ரிவியூவர் எந்த முட்டாளோ, அவனை..."

"எழுதாதீங்க" என்றாள். தன் குரல் யாருடைய குரல் மாதிரியோ இருப்பது அவள் காதுக்கே கேட்டது. "ரிவியூவர் ஒண்ணு கேக்கறார்னா ஆழமா யோசிச்சுத்தான் கேட்டிருப்பார். முதல்ல நன்றின்னு போடுங்க. அப்புறம் எத்தனை கோட்னு எழுதிடுங்க."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பின்னால் கோழிகள் கொக்கரித்தன.

"சரி மேடம். எத்தனை கோட்னு போடட்டும்?"

"ரெண்டு" என்றாள் விரிசல்.